கொல்லைப்புறத்து உயிர்களிடம் கற்பது: வேதத்தோடு கவனிக்க ஒரு வழிகாட்டி

மலைப்பிரசங்கத்தில் "ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்" என்று இயேசு சொன்னதை, கவலைப்படாதிருக்கச் சொல்லும் ஆறுதல் வசனத்தின் முன்னுரையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். கவனித்துப் பார்ப்பதும் அங்கே இடப்பட்ட ஒரு கட்டளை என்பது நம்மில் பலருக்கு உறைப்பதில்லை. நீதிமொழிகள் 6:6 இதே வரிசையில்தான் பேசுகிறது: எறும்பினிடத்தில் போ, அதின் வழிகளைப் பார், பின்பு ஞானத்தைக் கற்றுக்கொள். போகாமலும் பார்க்காமலும் கற்றுக்கொள்ள முயல்வதால்தான், தோட்டத்து உயிர்களை வைத்துச் சொல்லப்படும் ஆவிக்குரிய பாடங்களில் பெரும்பாலானவை சப்பென்று இருக்கின்றன. பாடம் முன்பே மனதில் தயாராகிவிடுகிறது. குருவியையோ அணிலையோ கொண்டுவந்து பிற்பாடு அதன்மேல் ஒட்டுகிறோம். முதலில் உயிரினம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்பது, அடுத்து வேதம் என்ன சொல்கிறது என்று தேடுவது, கடைசியில் மட்டுமே பாடத்தைச் சொல்வது என்ற வரிசையை எப்படிக் கைக்கொள்வது என்பதே இங்கே பேசப்படும் பொருள்.

இது புதிய பழக்கம் அன்று. சாலொமோன் மரங்களையும், மிருகங்களையும், பறவைகளையும், ஊரும் பிராணிகளையும், மீன்களையும் குறித்துப் பேசினான் என்று 1 இராஜாக்கள் 4:33 சொல்கிறது. "மிருகங்களைக் கேட்டுப்பார், அவைகள் உனக்குப் போதிக்கும்" என்று யோபு தன் நண்பர்களுக்குச் சொல்கிறான். மலைப்பிரசங்கத்தை விளக்கிய மார்ட்டின் லூதர், கிறிஸ்து பறவைகளை நமக்கு ஆசிரியர்களாக நியமித்திருக்கிறார் என்று எழுதினார்.

இடமும் நேரமும்

பெரிய தோட்டம் தேவையில்லை. ஒரு மரம், ஒரு சுவர், சில தொட்டிச் செடிகள், அல்லது பின்வாசற்படி தெரியும் ஒரு சன்னல் போதும். முக்கியமானது, ஒரே இடத்தில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப உட்காருவது. பறவைகள் அதிகம் நடமாடுவது விடியற்காலையிலும், ஓரளவுக்கு மாலையிலும். எறும்புகளையும் சிலந்திகளையும் பகலின் எந்த வேளையிலும் பார்க்கலாம். நாம் வந்து உட்கார்ந்த சத்தத்தில் ஒளிந்த உயிர்கள் மீண்டும் வெளியே வரச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், இருபது நிமிடமாவது அசையாமல் இருப்பது நல்லது. கைபேசியை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். படம் எடுக்கத் தொடங்கியவுடன் பார்ப்பது நின்றுவிடுகிறது.

இந்த நேரத்தைத் தனி ஜெப நேரத்துக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். வேதவாசிப்பு இல்லாத தோட்டத் தியானம், நாளடைவில் இயற்கையின் அழகைப் பற்றிய இனிய உணர்வாகச் சுருங்கிவிடும். அந்த உணர்வு கெட்டதல்ல, ஆனால் அதற்குச் சிலுவையும் தெரியாது, மனந்திரும்புதலும் தெரியாது. தேவனுடைய நித்திய வல்லமையும் தேவத்துவமும் படைப்பின் மூலம் காணப்படுகின்றன என்று ரோமர் 1:20 சொல்கிறது. அதற்கு மேலான சுவிசேஷத்தைக் குருவியின் வாயில் திணிக்க வேண்டியதில்லை.

இரண்டு பக்கக் குறிப்பேடு

ஒரு சாதாரணக் குறிப்பேட்டை எடுத்து, இடப்பக்கத்தில் கண்டதை மட்டும் எழுதுங்கள். "சோம்பேறி அணில்", "பேராசை பிடித்த காகம்" என்ற வகையில் எழுதாமல், "அணில் கிளையின் மேல் குப்புறப் படுத்திருந்தது, வெயில் ஏறியபின் நகர்ந்தது" என்று எழுதுங்கள். வினைச்சொற்கள் அதிகமாகவும் பெயரடைகள் குறைவாகவும் இருந்தால் குறிப்பு சரியான திசையில் போகிறது. வலப்பக்கத்தை அன்றைக்கு வெறுமையாக விட்டுவிடுவது என் கண்டிப்பான ஆலோசனை. ஒரு நாளாவது கழித்து, வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இடப்பக்கத்தை வாசித்தபின் அதை நிரப்புங்கள். உடனே கிடைக்கும் பாடம் அநேகமாக நமக்கு ஏற்கெனவே தெரிந்த பாடமாகவே இருக்கும்.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பின்னாளில் பெயர்பெற்ற அமெரிக்கப் பிரசங்கியான ஜோனத்தன் எட்வர்ட்ஸ், 1723-இல் இருபது வயது இளைஞராக இருந்தபோது, சிலந்திகள் நூலைக் காற்றில் விட்டு, அந்த நூலோடு தாமும் மிதந்து போவதை எப்படிச் செய்கின்றன என்பதை விவரித்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எங்கே நின்று பார்த்தால் நூல் தெரியும், வெயில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. படைத்தவருடைய ஞானத்தையும் நன்மையையும் பற்றிய வரிகள் அந்த அவதானிப்புகளுக்குப் பின்னரே வருகின்றன. 1741-இல் அவர் ஆற்றிய புகழ்பெற்ற பிரசங்கத்தில் நெருப்புக்கு மேல் பிடிக்கப்பட்ட சிலந்தி ஓர் உவமையாக வந்தபோது, அதைச் சொன்னவர் சிலந்தியை மணிக்கணக்கில் பார்த்தவர்.

கண்டதை வசனத்தோடு சேர்ப்பது

வலப்பக்கத்தை நிரப்பும்போது இரண்டு கேள்விகள் போதும். இந்த உயிரைப் பற்றியோ, அது செய்த இந்தச் செயலைப் பற்றியோ வேதம் எங்காவது பேசுகிறதா? அப்படிப் பேசும் இடத்தில், என்னைப் பற்றிச் சொல்வதற்கு முன் தேவனைப் பற்றி என்ன சொல்கிறது? இரண்டாவது கேள்வியைத் தாண்டிக் குதிப்பவர்களுக்கு எல்லா உயிரும் சுறுசுறுப்பையும் விடாமுயற்சியையும் மட்டுமே போதிக்கும். சில உதாரணங்களோடு இதைப் பார்ப்பது எளிது.

எறும்புச் சாரியை எடுத்துக்கொள்வோம். "அதற்குப் பிரபுவும், தலைவனும், அதிகாரியும் இல்லாதிருந்தும்" என்கிறது நீதிமொழிகள் 6:7. உற்றுப் பார்த்தால் அது அப்படியே தெரியும்: வரிசையை நடத்திச் செல்லும் எறும்பு என்று எதுவும் இல்லை. இரை கண்ட எறும்பு தரையில் விட்டுவரும் வாசனைத் தடத்தை மற்றவை பின்பற்றுகின்றன. போகும் ஒவ்வொன்றும் அந்தத் தடத்தைப் புதுப்பிக்கிறது. இரை தீர்ந்தால் புதுப்பிப்பவை குறைந்து தடம் மங்குகிறது. புற்றுக்குள் இருக்கும் ராணியும் முட்டையிடுகிறதேயன்றிக் கட்டளையிடுவதில்லை. கண்காணிக்க ஆள் இல்லாதபோதும் செய்யவேண்டியதைச் செய்வதுதான் அந்த வசனத்தின் கூர்மை. மேற்பார்வை இருக்கும்போது மட்டும் உழைக்கிறவனையும் சேர்த்தே அது சோம்பேறி என்று அழைக்கிறது என்பது, சாரியைப் பார்த்துக்கொண்டு வாசித்தால் விளங்கும். எறும்பு தானியம் சேர்க்கிறது என்ற அடுத்த வசனத்தை ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் ஒரு காலத்தில் சந்தேகித்தார்கள், ஏனெனில் வட ஐரோப்பாவில் அவர்கள் கண்ட எறும்புகள் விதைகளைச் சேமிப்பதில்லை. ஜான் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் மத்தியதரைக் கடலோரத்தில் புற்றுகளைத் தோண்டி, விதைக் களஞ்சியங்களைக் கண்டு, 1873-இல் அதை நூலாக வெளியிட்டார். ஆகவே உங்கள் சுவரோரத்து எறும்பு தானியம் சேர்க்காமல் இனிப்பை மட்டும் மொய்த்தால், வசனம் தவறிவிட்டது என்று கலங்கவும் வேண்டாம், அது சேர்ப்பதாகக் கற்பனை செய்யவும் வேண்டாம். (எறும்புக் கூட்டங்களில் எந்நேரமும் சும்மா இருக்கும் எறும்புகள் கணிசமாக உண்டு என்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிரசங்கங்களில் இது ஏனோ வருவதில்லை.)

காகம் இன்னும் வளமான பாடம். லூக்கா 12:24-இல் இயேசு பொதுவாகப் பறவைகள் என்னாமல் காகங்களைப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். லேவியராகமம் 11:15-இன்படி காகம் அசுத்தமான பறவை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த யூதர்கள் எவரும் காகத்தைத் தேவபராமரிப்புக்கு அழகான எடுத்துக்காட்டாகத் தேர்ந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கேரீத் ஆற்றண்டையில் எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தவை காகங்களே. கூப்பிடுகிற காக்கைக் குஞ்சுகளுக்கு ஆகாரங்கொடுக்கிறவர் தேவன் என்று சங்கீதம் 147:9 பாடுகிறது. குப்பையைக் கிளறும் காகத்தைப் பார்த்து முகம் சுளிக்கும்போது இந்த மூன்று இடங்களையும் சேர்த்து வாசியுங்கள். தேவன் ஊட்டுகிறவர்களின் பட்டியலில் நாம் சேர்க்க விரும்பாத மனிதர்கள் யார் என்ற கேள்வி தானாக எழும்.

இங்கே கூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு சிக்கலும் வரும். காகங்களுக்குப் பண்டசாலையும் களஞ்சியமும் இல்லை என்கிறது வசனம். காக்கை இனப் பறவைகளில் பலவோ மிஞ்சிய இரையை மண்ணிலும் இலைகளுக்கு அடியிலும் ஒளித்துவைப்பதைத் தோட்டத்திலேயே காணலாம். இதை மறைக்காமல் இடப்பக்கத்தில் எழுதுங்கள். அதே அதிகாரத்தில் சற்று முன்புதான் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட ஐசுவரியவானின் உவமை வருகிறது. சேர்த்த பொருளை நம்பி, "ஆத்துமாவே, நீ இளைப்பாறு" என்று சொல்லிக்கொள்வதே அங்கே கண்டிக்கப்படும் காரியம். இலைக்கடியில் ஒரு துண்டை மறைத்த காகம் மறுநாளும் விடிந்தவுடன் இரை தேடப் பறக்கிறது. பட்சிகள் விதைக்கிறதில்லை என்பதால் அவை உழைக்கிறதில்லை என்று ஆகிவிடாது. அரைநாள் அவற்றைப் பார்த்தவர் எவரும் அந்த வசனத்தைச் சோம்பலுக்குச் சாக்காகக் காட்ட மாட்டார்.

சிலந்தியில் நம் உள்ளுணர்வும் வேதமும் வேறு வேறு திசையில் போகின்றன. வட்ட வலை பின்னும் சிலந்திகளில் பல, பழைய வலையைத் தின்றுவிட்டு அன்றாடம் புதிதாகப் பின்னுகின்றன. பார்த்தவுடன் விடாமுயற்சி என்ற பாடம் நாக்கு நுனிக்கு வந்துவிடும், அது பொய்யும் அன்று. ஆனால் ஏசாயா 59-இல் சிலந்தியின் நெசவு உடுத்திக்கொள்ள உதவாத வேலைக்கு அடையாளம். யோபு 8:14-இல் தேவனை மறந்தவனுடைய நம்பிக்கை சிலந்திப்பூச்சி வீடுபோல் இருக்கிறது. எவ்வளவு உழைப்பு என்பதை மட்டும் பார்க்காமல், அந்த உழைப்பு எதைத் தாங்கும் என்பதையும் கேட்கச் சொல்கின்றன இந்த வசனங்கள். ஒரு விரலால் வலையின் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு இவற்றை வாசிக்கலாம்.

நாம் கண்ட செயலைப் பற்றி வேதம் எதுவும் சொல்லாத உயிர்கள் விஷயத்தில் இன்னும் அடக்கம் தேவை. பூனையின் பிடியில் வாலை விட்டுவிட்டு ஓடும் பல்லி, முழுச் சரீரமும் அழிவதைவிட அவயவங்களில் ஒன்றை இழப்பது நலம் என்ற மத்தேயு 5:29-30-ஐ நினைவூட்டினால் அது நியாயமான நினைவே. வால் திரும்ப முளைக்கும்போது பழைய முதுகெலும்புக் கணுக்கள் வருவதில்லை, குருத்தெலும்புத் தண்டுதான் வருகிறது. இழப்பு இழப்பாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் பாடம் நேர்மையாக இருக்கும்.

பாடத்தைச் சோதிப்பது

கழுகு நாற்பதாவது வயதில் மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களைப் பிடுங்கி, இறகுகளைக் களைந்து, மாதக்கணக்கில் காத்திருந்து புதுவாழ்வு பெறுகிறது என்ற கதையைக் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர் அரிது. ஏசாயா 40:31-க்கும் சங்கீதம் 103:5-க்கும் விளக்கமாக அது பிரசங்கங்களில் ஓயாமல் வருகிறது. அது உண்மை அன்று. அலகும் நகமும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்து தேய்கின்றன, இறகுகள் சிறிது சிறிதாக உதிர்ந்து முளைக்கின்றன, அலகை இழந்த கழுகு பட்டினியால் சாகும். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள் என்ற வாக்குத்தத்தம் கர்த்தருடைய வார்த்தையின்மேல் நிற்கிறது. அதைப் பொய்யான விலங்கியலின்மேல் ஏற்றிவைத்தால், விவரம் தெரிந்த ஒரு மாணவன் கதையோடு சேர்த்து வாக்குத்தத்தத்தையும் தள்ளிவிடுவான். இந்தச் சோதனை பழங்காலத்திலும் இருந்தது. ஆதித் திருச்சபைக் காலத்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஃபிசியோலோகஸ் என்ற விலங்குத் தொகுப்பு, கூழைக்கடா தன் உடலைக் கிழித்து இரத்தத்தால் இறந்த குஞ்சுகளை உயிர்ப்பிப்பதாகச் சொல்ல, அது கிறிஸ்துவின் பாடுகளுக்கு அடையாளமாகி ஆலயங்களின் கண்ணாடிச் சன்னல்கள்வரை ஏறியது. கிறிஸ்து இரத்தம் சிந்தினது உண்மை; பறவை அப்படிச் செய்வதில்லை.

ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் மூன்று வழிகளில் சோதித்துப் பாருங்கள். உயிரினம் உண்மையிலேயே அப்படிச் செய்கிறதா? அந்தப் போதனை வேதத்தில் வேறெங்காவது தெளிவாக இருக்கிறதா? நாளைக்கு அதே உயிர் நேர்மாறாக நடந்தாலும் அந்தப் போதனை நிற்குமா? மூன்றாவதில்தான் பல பாடங்கள் உதிரும். வண்ணத்துப்பூச்சியை உயிர்த்தெழுதலுக்கு ஒப்பிடுவதும் ஓரளவு இந்த வகையே: கூட்டுப்புழு சாகவில்லை, உள்ளே உருமாறிக்கொண்டிருக்கிறது. பவுல் 1 கொரிந்தியர் 15-இல் மண்ணில் விதைக்கப்படும் விதைமணியைத் தேர்ந்துகொண்டார்.

ஒரு பறவை சன்னலில் வந்து உட்கார்ந்ததைத் தேவன் அனுப்பிய தனிப்பட்ட செய்தியாகக் கொண்டு முடிவெடுப்பது முற்றிலும் வேறு காரியம். அது சகுனம் பார்ப்பது. உபாகமம் 18 அதை விலக்குகிறது. வேண்டாம்.

விழுந்த குருவியைக் காணும் நாளில்

கொல்லைப்புறம் மென்மையான இடம் அன்று. கூட்டிலிருந்து விழுந்து செத்த குஞ்சு, பூனை விட்டுப்போன இறகுகள், எறும்புகள் இழுத்துச் செல்லும் வெட்டுக்கிளி என்று கொஞ்ச நாளிலேயே எல்லாம் கண்ணில் படும். அந்த நாள்களில் இடப்பக்கத்தை எழுதாமல் விட்டுவிடும் ஆசை வரும். அப்போதுதான் கட்டாயம் எழுத வேண்டும்.

மத்தேயு 10:29-ஐ நிதானமாக வாசியுங்கள். பிதாவின் சித்தமில்லாமல் ஓர் அடைக்கலான் குருவியும் தரையிலே விழாது என்கிறார் இயேசு. குருவிகள் விழுவதில்லை என்று அவர் சொல்லவில்லை. இதைச் சொன்னது, சரீரத்தைக் கொலைசெய்கிறவர்களுக்குப் பயப்படவேண்டாம் என்று எச்சரித்து அனுப்பப்பட்ட சீஷர்களிடம். அவர்களில் பலர் விழப்போகிறவர்கள். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள், லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து: இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கப்பட்ட அந்த ஐந்தாவது குருவியும் தேவனால் மறக்கப்படுவதில்லை. செத்த குஞ்சின் அருகே நின்று இந்த வசனத்தை வாசித்தால், ஆபத்து நேராது என்ற மலிவான வாக்குறுதி அதில் இல்லை என்பதும், நேரும் இடத்திலும் பிதா இருக்கிறார் என்பதும் ஒன்றாகவே மனதில் இறங்கும். எனக்கு இந்தத் தியானம் முழுவதிலும் மிகவும் கனமாகப் படுவது இந்த ஒரு வசனமே.

இன்னும் கடினமான காட்சிகள் உண்டு. சில குளவிகள் உயிருள்ள புழுவுக்குள் முட்டையிடுகின்றன. பொரித்த குஞ்சுகள் அதை உள்ளிருந்து தின்கின்றன. சார்லஸ் டார்வின் 1860-இல், விசுவாசியான தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், நன்மையுள்ள சர்வவல்லவர் இந்தக் குளவிகளைத் திட்டமிட்டுப் படைத்தார் என்று தன்னால் நம்ப இயலவில்லை என்று குறிப்பிட்டார். அந்தக் கேள்வியை ஒரு பூக்கொத்து வசனத்தால் மூடவேண்டாம். வேதமே இதை மூடுவதில்லை: சங்கீதம் 104-இல் பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்து தேவனிடத்தில் ஆகாரம் தேடுகின்றன, யோபு 39-இல் கழுகின் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சுகின்றன, ரோமர் 8:22-இல் சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவிக்கிறது. இப்படிப்பட்ட நாளில் வலப்பக்கத்தில் பாடம் எழுதாமல், ஒரு புலம்பல் ஜெபத்தை எழுதினால் போதும்.

கவனிப்பவரின் கடமை

பறவைக்கூட்டைக் கண்டால் தாயையும் குஞ்சுகளையும் சேர்த்துப் பிடிக்கக்கூடாது என்று உபாகமம் 22:6-7 சொல்கிறது. நம் பங்குக்கு, கூட்டை நெருங்காமல் தூரத்திலிருந்து பார்ப்பதும், ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்து அதை அடிக்கடி மாற்றிச் சுத்தம் செய்வதும், பூச்சிமருந்தைக் குறைப்பதும் போதுமானவை. தானியம் தின்னும் குருவிகளும் குஞ்சுகளைப் பெரும்பாலும் பூச்சிகளால் வளர்ப்பதால், பூச்சியில்லாத தோட்டம் குருவிக்கு உதவாது. தரையில் குஞ்சு கிடந்தால், இறகு முளைத்ததா என்று பாருங்கள். முளைத்திருந்தால் அது பறக்கப் பழகுகிறது, பெற்றோர் அருகிலேயே இருக்கும், விட்டுவிடுங்கள். பூனை வரும் இடமாயிருந்தால் மட்டும் பக்கத்துப் புதருக்கு மாற்றுங்கள். இறகு முளைக்காத குஞ்சைக் கூட்டில் திரும்ப வைக்கலாம். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

பிறருக்குச் சொல்லும்போது

குடும்ப ஜெபத்திலோ ஐக்கியக் கூட்டத்திலோ பகிர்ந்துகொள்ள விரும்பினால், கண்டதை நான்கைந்து வாக்கியங்களில் சொல்லி, வசனத்தை வாசித்து, அத்தோடு உட்கார்ந்துவிடலாம். சிறுவர்களிடம் பாடத்தைச் சொல்வதற்கு முன் "நீ என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள்; அவர்கள் நம்மைவிடத் தரைக்கு அருகில் இருப்பதால் அதிகம் பார்க்கிறார்கள்.

துன்பத்தில் இருப்பவரிடம் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மேலே சொன்ன சிலந்தி வீட்டு உவமையைச் சொன்னவன் பில்தாத். நாணலையும் சிலந்தி வலையையும் காட்டி அவன் பேசியது, பிள்ளைகளை இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபிடம். இயற்கையைப் பற்றி அவன் சொன்னது சரி, கேட்டவனுக்கு அது பொருந்தவில்லை. அவனும் அவன் தோழரும் நிதானமாய்ப் பேசவில்லை என்று கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அவர்கள்மேல் கோபங்கொள்கிறார். அழுகிறவர் அருகில் இருக்கும்போது குறிப்பேட்டை மூடிவைத்துவிடுங்கள்.

குறிப்பேட்டைச் சில மாதங்களுக்கு ஒருமுறை முதலிலிருந்து வாசியுங்கள். வலப்பக்கத்தில் நிற்காத பாடங்களை ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். இடப்பக்கத்தை அடிக்க வேண்டாம். இன்றைக்கு வசனம் எதுவும் கிடைக்காத ஒரு குறிப்புக்கு, அடுத்த ஆண்டு வேதத்தை வரிசையாக வாசிக்கும்போது ஓர் இடம் கிடைக்கக்கூடும்.